கேள்வி – பதில்: பிள்ளைகளை யாரை நம்பி விடுவது?

பள்ளிகள் திறந்து ஒரு மாதம் ஆகிறது. பிள்ளைகளோடு பழகும் வேலைக்கு வருபவர்களிடம் காவல் துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்பது பற்றி நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் ஆறை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். விஷயம் இப்படிப்பட்டது என்பதால் எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை. ஊர் மட்டும் உண்டு.

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு. தினமும் வேனில் பாளையங்கோட்டைக்குப் போய் வருகிறாள். டிரைவரைப் பற்றிக் கேட்டால், “போலீஸ் சான்று வாங்கி வைத்திருக்கிறோம், பயப்படாதீர்கள்” என்கிறார்கள். அந்தச் சான்றில் அப்படி என்னதான் இருக்கும்? – வாசகி, வண்ணார்பேட்டை

பதில்: அதிகம் ஒன்றும் இருக்காது, அம்மா. விண்ணப்பித்தவர் சொன்ன முகவரியில்தான் குடியிருக்கிறாரா, காவல் நிலையப் பதிவிலும் கணினிப் பதிவிலும் அவர் பெயரில் வழக்கு ஏதும் உண்டா என்று பார்த்து, இன்ன தேதி வரையில் அவருக்குப் பாதகமாக ஒன்றும் தென்படவில்லை என்று எழுதித் தருவார்கள். அவர் மேல் இதுவரை யாரும் எழுத்தில் புகார் கொடுக்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். நம் சீமையில் இசக்கிமுத்து, சுடலைமுத்து, மாரியப்பன் என்ற பெயர்களில் தெருவுக்கு நாலு பேர் இருப்பதால், தகப்பனார் பெயரும் முகவரியும் சரியாக எழுதப்படாத விண்ணப்பத்தில் நல்லவர் மாட்டிக்கொள்வதும் மாட்ட வேண்டியவர் நழுவுவதும் சாதாரணமாக நடக்கக்கூடியவை.

சென்ற மாதம் வேறொரு வேலையாக ஒரு பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது, இந்தக் கோப்பைப் பார்க்கலாமா என்று எழுத்தரிடம் கேட்டேன். தயங்காமல் எடுத்து வைத்தார். நாடா கட்டிய அட்டைக் கோப்பு. ஒவ்வொரு தாளும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. நான்காவது தாளில் இருந்த புகைப்படத்தையும், ஜன்னலுக்கு வெளியே வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இவர் அவரில்லையே” என்றேன். “அவரு நின்னு ரெண்டு வருசம் ஆச்சு சார். இப்ப அவரு மச்சினன்லா ஓட்டுதாரு” என்றார், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். சான்று வண்டிக்கு வாங்கியதைப் போல அந்தப் பள்ளி நடந்துகொண்டது.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் 2020இல் வந்த விதிகள், பள்ளி, குழந்தைக் காப்பகம், விளையாட்டுப் பயிற்சிக் கூடம் என்று பிள்ளைகள் தங்குகிற அல்லது வழக்கமாக வந்து போகிற எந்த நிறுவனமானாலும், ஆசிரியர், ஆசிரியரல்லாதார், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வேறுபாடு பார்க்காமல் ஊழியர் ஒவ்வொருவருக்கும் காவல் சரிபார்ப்பையும் பின்னணி விசாரணையையும் அவ்வப்போது செய்ய வேண்டும் என்கின்றன. அவ்வப்போது என்றால் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை விதி சொல்லவில்லை; அந்த இடைவெளியில்தான் மச்சினன் வந்து உட்கார்ந்துவிடுகிறார். பெற்றோர் நான்கு பேர் சேர்ந்து பேசி அமர்த்திய வேனாக இருந்தாலோ, டிரைவர் எங்கள் ஊழியரே இல்லை என்று பள்ளி கையை விரித்துவிடும்.

ஆகவே நீங்கள் சான்று இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதன் தேதி என்ன, படத்தில் இருப்பவர்தான் இன்றைக்கு ஓட்டுகிறாரா, அவர் லீவு போட்டால் யார் வருவார், வேனில் ஆயாவோ உதவியாளரோ கடைசி நிறுத்தம் வரை இருக்கிறாரா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேனிலிருந்து கடைசியாக இறங்குகிற பிள்ளை யார் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை எத்தனை நிமிடம் டிரைவரோடு தனியாக இருக்கிறது என்பதைக் காவல் நிலையம் சொல்லாது. வேன் போகும் வழியை எழுதிப் பார்த்தால் தெரியும். உதவியாளர் பாதி வழியில் தன் வீட்டில் இறங்கிக்கொள்கிற வழக்கம் பல வேன்களில் உண்டு.

கேள்வி: இவ்வளவு சிக்கல் எதற்கு? பெண்களை மட்டும் வேலைக்கு வைத்தால் தீர்ந்தது அல்லவா? – வாசகர், மேலப்பாளையம்

பதில்: தீராது. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல், அதாவது 52.94 சதவீதம், ஆண் பிள்ளைகள். பெண் இருக்கிற இடம் பத்திரம், பெண் பிள்ளைக்கு மட்டும்தான் ஆபத்து என்ற இரண்டு எண்ணங்களும் சேர்ந்து பையன்களைக் கவனிப்பாரில்லாமல் செய்துவிடுகின்றன. தவிர, நல்ல ஆண் ஆசிரியர் ஒருவரும் இல்லாத பள்ளியில் என் பேரனைச் சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: முப்பது ஆண்டுகளாகக் கோயில் திடலில் காசு வாங்காமல் சிலம்பம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பக்கத்துப் பள்ளியில் மாலை வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். போனால், போலீஸ் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். பள்ளித் தாளாளரே என்னிடம் கம்பு பிடித்தவர். மனசு விட்டுப்போயிற்று. எனக்குத் துணையாக வந்த சீடன் மேல் ஊர்த் தகராறில் போட்ட பழைய வழக்கு ஒன்று இருக்கிறது என்று அவனை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். இது நியாயமா ஐயா? – சிலம்ப ஆசான், ஆலங்குளம்

பதில்: ஆசான் அவர்களே, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் விஷயத்துக்கும் சீடர் விஷயத்துக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

முதலில் உங்களுடையது. உங்கள் ஊர்க் கோயிலில் உண்டியல் எண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ண உட்காருகிறவர்கள் ஊரறிந்த பெரியவர்கள். ஆனாலும் அதிகாரி பக்கத்தில் நிற்கிறார், கேமரா ஓடுகிறது, எழுந்து போகிறவரைச் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். என்னைத் திருடன் என்கிறாயா என்று அங்கே யாரும் கோபிப்பதில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் அதே முறைதான். தாளாளருக்குக் கம்பு சொல்லிக்கொடுத்தவர் என்பதற்காக உங்களிடம் கேட்காமல் விட்டால், நாளைக்கு இன்னொருவர் தாளாளரின் மைத்துனர் என்பதற்காகக் கேட்கப்படாமல் உள்ளே போவார். முகம் பார்த்து விலக்குக் கொடுக்காத வரையில்தான் இந்த முறைக்கு மரியாதை. பிள்ளைகளுக்கு எதிரான கொடிய குற்றங்களில் பிடிபடுவோர் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. நமக்குத் தெரிந்தவர்தானே என்ற ஒன்று மட்டும் போதாது என்பதற்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் சீடர் விஷயத்தில் பள்ளி செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் மாவட்டத்தில் கொடை விழாவில் கைகலப்பு, கொடிக்கம்பத் தகராறு, வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை என்று ஒரு வழக்குப் பதிவானால், இருபது பெயரை எழுதி, “மற்றும் பெயர் தெரியாத சிலர்” என்று ஒரு வரியும் சேர்த்து முதல் தகவல் அறிக்கை போடுவதைக் காலகாலமாகப் பார்த்து வருகிறோம். அந்த இருபதில் அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவனும் இருப்பான். போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகிய எத்தனை பையன்கள் இப்படி ஒரு வரியால் வீட்டில் உட்கார்ந்தார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பிள்ளைகளிடம் தவறாக நடந்துகொண்ட புகாரையும் இந்த மாதிரி வழக்கையும் ஒரே தட்டில் வைத்து, வழக்கு இருக்கிறது, ஆகவே வேண்டாம் என்பது சோம்பேறித்தனம். வேலைக்கு வருகிறவர் மேலுள்ள வழக்கை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்றத்தின் தன்மை, அப்போதைய வயது, முடிவு என்ன ஆயிற்று, கேட்கும் வேலை எது என்பதையெல்லாம் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பதினெட்டு வயதுக்குள் நடந்ததாக இருந்தால், அதைக் காரணம் காட்டி ஒருவரைத் தகுதியிழக்கச் செய்யக்கூடாது என்று சிறார் நீதிச் சட்டம் பொது விதியாகவே சொல்கிறது. பதினாறு வயதைத் தாண்டியவர் செய்த மிகக் கொடிய குற்றங்களில் மட்டும் விலக்கு உண்டு.

இதில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. சரிபார்ப்பு என்றால் முகவரி விசாரணை. நம் ஊரில் முகவரி என்றால் தெரு. தெரு தெரிந்தால் சாதி தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகும் நாம் இதைத் தெரியாததுபோல் பேசுவதில் பொருளில்லை. சான்று கேட்கும் சாக்கில் ஒரு தெருக்காரர்கள் மட்டும் வரிசையாகக் கழிக்கப்படுகிறார்களா என்று பார்க்கும் பொறுப்பு பள்ளிக்கு இருக்கிறது. உங்கள் சீடரை ஏன் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்; வழக்கின் நகலையும் தீர்ப்பு வந்திருந்தால் அதையும் காட்டி அவரைப் பேச அனுமதிக்கச் சொல்லுங்கள். உங்கள் சான்றை மட்டும் கோபப்படாமல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் பிள்ளைகளோடு பழகும் எல்லோரையும் பதிவு செய்யச் சொல்லி, பிறகு வேண்டாம் என்று கைவிட்டுவிட்டார்கள் என்று அங்கே வேலை பார்க்கும் என் மகன் சொல்கிறான். உண்மையா? நம் நாட்டில் அப்படி ஒரு பட்டியல் உண்டா? – வாசகர், கடையநல்லூர்

பதில்: உங்கள் மகன் சொன்னது பாதி உண்மை. 2002 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தின் சோஹம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமியர் இருவரைக் கொன்றவன், அந்த ஊர்ப் பள்ளியில் கட்டடப் பராமரிப்பு வேலை பார்த்தவன். அவன் மேல் வேறொரு மாவட்டக் காவல் துறைக்கு முன்பே பல புகார்கள் போயிருந்தன. ஒன்றிலும் தண்டனை கிடைக்கவில்லை. பள்ளி வேலைக்கு அவன் வேறொரு குடும்பப் பெயரில் வந்திருந்தான். பழைய பெயரில் யாரும் தேடவில்லை. சர் மைக்கேல் பிச்சர்ட் நடத்திய விசாரணையின் அறிக்கை 2004இல் வந்தது. அதைத் தொடர்ந்து 2006இல் ஒரு சட்டம் போட்டு, பிள்ளைகளோடும் இயலாதவர்களோடும் வேலை செய்யும் எல்லோரையும் ஒரு வாரியத்தில் பதிவு செய்ய வைப்பது என்று முடிவு செய்தார்கள்.

கணக்குப் போட்டால் 1.1 கோடிப் பேர் வந்தது. தொண்டர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 64 பவுண்டு கட்டணம். 2009இல் எதிர்ப்பு கிளம்பியது. ஆண்டில் சில நாள் பள்ளிக்குப் போய்க் கதை வாசிக்கும் எழுத்தாளர்கள், இதற்கும் பதிவா, நாங்கள் வரவே இல்லை என்றார்கள். கால்பந்துக் குழு முறை வைத்துக் கேட்டுக்கொண்டதன்பேரில் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தன் காரில் ஏற்றிப் போகும் தகப்பனும் பதிவு செய்ய வேண்டும் என்று தெரிந்தபோது ஊரே சிரித்தது, கோபமும் பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கையை 90 லட்சமாகக் குறைத்துப் பார்த்தார்கள். 2010 ஜூனில் புதிய அரசு பதிவையே நிறுத்திவிட்டது.

உங்கள் மகன் விட்டுவிட்ட பாதி இது. கைவிட்டது எல்லோரையும் பதிவு செய்யும் வேலையை மட்டும்தான். பிள்ளைகளிடம் வேலை செய்யத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது. ஊழியர் ஒருவரால் பிள்ளைக்குத் தீங்கு என்று அவரை விலக்கும் நிர்வாகம் அதைப் பட்டியலை வைத்திருக்கும் அமைப்புக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். விலக்குவதற்கு முன்பே அவர் தாமாக ராஜினாமா செய்துவிட்டாலும் தெரிவிக்க வேண்டும். பட்டியலில் சேர்ப்பதற்கு முன் அவர் தரப்பைச் சொல்ல இடம் கொடுக்கிறார்கள், மேல்முறையீடும் உண்டு. அது சும்மா வந்த கருணை இல்லை. முதியோரையும் இயலாதவர்களையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களை விசாரிக்காமலே தற்காலிகப் பட்டியலில் போட்டு வேலையைப் பறித்தது தவறு என்று 2009இல் அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்னது.

இங்கே அப்படி ஒரு தடைப்பட்டியல் இல்லை. 2018 செப்டம்பரில் மத்திய உள்துறை தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தேசியத் தரவுத் தொகுப்பில் தொடக்கத்திலேயே நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் இருந்தன. அதைக் காவல் துறையும் விசாரணை அமைப்புகளும் மட்டும்தான் பார்க்கலாம். பெயர்களை ஊருக்கு வெளியிட வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிடிபட்டவன் பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் உறவினன் என்பதால், அவன் பெயரைப் போட்டால் பிள்ளையின் பெயரும் அன்றைக்கே தெருவுக்கு வந்துவிடும். தமிழ்நாட்டில், இத்தகைய குற்றம் செய்த ஆசிரியர்களைப் பணியிலிருந்து நீக்குவதோடு கல்விச் சான்றுகளையும் ரத்து செய்ய வழிசெய்யும் பள்ளிக் கல்வித் துறை அரசாணை 2012 முதல் இருக்கிறது. ஆசிரியருக்கு அது சரி. வேன் டிரைவருக்கும் விடுதிச் சமையல்காரருக்கும் நீச்சல் பழக்குபவருக்கும் ரத்து செய்யச் சான்று எங்கே இருக்கிறது?

கேள்வி: எங்கள் சபையில் மே மாதம் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறோம். கல்லூரிப் பிள்ளைகள்தான் வந்து பாட்டும் கதையும் சொல்லித்தருகிறார்கள். பத்து நாளுக்கு வருகிறவர்களிடம் போலீஸ் சான்று கேட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். – வாசகி, நாசரேத்

பதில்: பத்து நாள் தொண்டுக்கு வரும் பத்தொன்பது வயதுப் பெண்ணைக் காவல் நிலையத்துக்கு அனுப்புவதில் எனக்கும் பெரிய ஆர்வம் இல்லை, அந்த வயதில் பதிவேட்டில் இருக்க என்ன இருக்கும்? வருகிறவர் யார், எந்தச் சபை, எந்தக் கல்லூரி என்பதை அங்கே உள்ள பொறுப்பாளரிடம் நீங்களே போனில் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்தச் சிறிய வேலையைச் செய்யாததன் விலையை 2024 ஆகஸ்டில் பார்த்தோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஒரு தனியார் பள்ளிக்குள் தேசிய மாணவர் படையின் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் முகாம் நடத்தி, மாணவியருக்குக் கொடுமை செய்தார். அந்த முகாமுக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. என்.சி.சி. அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் வாசலிலேயே தெரிந்திருக்கும்.

மீதிப் பாதி இடத்தையும் முறையையும் பற்றியது. பாடம் நடக்கும் அறையின் கதவு திறந்திருக்கட்டும். எந்த அறையிலும் பெரியவர் இருவர் இருக்கட்டும். கழிவறைக்குப் பிள்ளையை அழைத்துப் போவது யார் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். முடிந்த பிறகு பைக்கில் வீட்டில் விடுகிறேன் என்று யாரும் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகக்கூடாது. சபையில் ஊழியராகச் சம்பளம் வாங்குபவர்கள், விடுதி நடத்துபவர்கள், வாட்ச்மேன் ஆகியோருக்கு மட்டும் இந்தத் தளர்வு கிடையாது. அவர்களுக்குச் சான்று வாங்கியே ஆக வேண்டும். மதரசா, சமய வகுப்பு, தேவாரப் பாடசாலை நடத்தும் வாசகர்களும் இதையே தங்களுக்கான பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் உதவிபெறும் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 2016இல் ஒரு மாணவியின் தாய் என் அறைக்கு வந்து, ஓர் ஆசிரியர் தன் மகளிடம் தவறாக நடந்துகொண்டதாகச் சொல்லி அழுதார். தாளாளரும் நானும் பேசி, அந்த ஆசிரியரிடம் ராஜினாமா வாங்கினோம். பிரச்சினை செய்யாமல் போகட்டும் என்று நன்னடத்தைச் சான்றும் எழுதிக் கொடுத்தோம். பெண் பிள்ளையின் பெயர் கெடக்கூடாதே என்றுதான் செய்தோம். அவர் இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு பள்ளியில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சான்றின் அலுவலக நகல் பழைய பீரோவில்தான் இருக்க வேண்டும். எனக்குத் தூக்கம் வரவில்லை. – வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: ஐயா, இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்ததற்காக உங்களை மதிக்கிறேன். ஆனாலும் ஆறுதலாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

எனக்கும் இதில் கை சுத்தம் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன், என் உறவுக்காரப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் ஒருவர் திடீரென்று நடுவருடத்தில் விலகினார். காரணம் ஆசிரியர் அறைக்கும் தெரியும், எங்கள் வீட்டுக்கும் தெரியும். வழியனுப்பு விழா வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், குழுப் படம் எடுத்தார்கள். நானும் போய் முன் வரிசையில் உட்கார்ந்து, காகிதத் தட்டில் மிக்சரும் காபியும் வாங்கிக்கொண்டேன். அவர் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ந்துவிட்டார் என்று அடுத்த ஆண்டு கேள்விப்பட்டபோது, அங்கே விடுதிக் காப்பாளரும் அவர்தானாம் என்று யாரோ சொன்னார்கள். நான் அதற்குப் பிறகும் ஒன்றும் செய்யவில்லை.

காவல் சரிபார்ப்பு, தடைப்பட்டியல் என்று நாம் எவ்வளவு பேசினாலும், அவை எல்லாம் எங்கேயாவது ஒருவர் எழுதி வைத்ததைத்தான் தேடிப் பார்க்க முடியும். உங்கள் ஆசிரியர் புதிய பள்ளியில் போலீஸ் சான்று கொடுத்திருப்பார். அது சுத்தமாகவே இருந்திருக்கும். கூடவே உங்கள் சான்றையும் வைத்திருப்பார். அது இன்னும் சுத்தம். “யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம்” என்ற வகைப் பொதுச் சான்றை நம்பி ஆளெடுப்பதன் ஆபத்தை சோஹம் விசாரணையும் எடுத்துச் சொன்னது. கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும் நற்சான்று எவருக்கும் காவல் இல்லை. உங்களை அந்தப் பள்ளியிலிருந்து யாராவது கூப்பிட்டுக் கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று தெரிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாதவருக்கு 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். 2016இல் இந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது. சொல்லாமல் விடுவதைச் சிறு பிழையாகப் பார்க்கக்கூடாது என்று 2022இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. கிருஷ்ணகிரி வழக்கில் விஷயத்தை மூடிவைத்த பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். ஆகவே முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். முடியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஆலோசனை கேளுங்கள். ஆலோசனை கேட்பதைத் தள்ளிப்போடுவதற்கான சாக்காக்கிவிடாதீர்கள்.

பெண்ணின் பெயர் கெடும் என்ற பயத்துக்குச் சட்டத்திலேயே வழி இருந்தது, அதுதான் எனக்கு வருத்தம். பிள்ளையின் பெயரோ பள்ளியோ அடையாளமோ வெளியே வரக்கூடாது என்பது அதே சட்டம். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டுக்கே வந்து, சீருடை இல்லாமல், கூடுமானவரை பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டம். உண்மையில் அன்றைக்குக் காப்பாற்றப்பட்டது பள்ளியின் பெயர். அந்தத் தாய் காவல் நிலையத்துக்குப் போகாமல் உங்கள் அறைக்கு வந்தது உங்களை நம்பித்தானே?

அந்த ஆசிரியர் பக்கத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். அவர் மேல் வந்த புகாரை யாரும் விசாரிக்கவில்லை. அவர் செய்யாதவராக இருந்தால், அதை நிரூபிக்கும் வாய்ப்பையும் நீங்கள்தான் இல்லாமல் செய்தீர்கள். அதனால் நீங்கள் இப்போது எழுதும்போதும் பேசும்போதும் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்: இந்த மாதத்தில் இந்தப் புகார் வந்தது, விசாரிக்காமல் ராஜினாமா வாங்கினோம், நாங்கள் கொடுத்த சான்று அதை மறைத்துக் கொடுத்தது. இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

இதை முதலில் காவல் துறைக்கு எழுத்தில் கொடுங்கள். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவர் மேல் உரிமையியல், குற்றவியல் வழக்கு எதுவும் வராது என்று 19ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவு சொல்கிறது. 1098 எண்ணில் சொன்னால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் தகவல் போகும். அந்தப் புதிய பள்ளிக்கும் சொல்ல வேண்டும். மான நஷ்ட வழக்குப் போடுவாரே என்று பயப்படுகிறீர்கள் என்றால், பிறரைக் காப்பதற்காக நல்லெண்ணத்தில் சொல்வதற்கு அவதூறுச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அதை எப்படிச் சொல்வது என்று வழக்கறிஞரிடம் வாசகத்தைக் காட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மட்டும் நீங்களாகப் போய் நிற்காதீர்கள். அவர் இப்போது வளர்ந்தவர். சிறு வயதில் நடந்ததற்கு எந்த வயதிலும் புகார் கொடுக்கலாம் என்று 2018இல் மத்திய அரசு தெளிவுபடுத்தியிருக்கிறது. அவரிடம் எப்போது, எப்படிப் பேசுவது என்பதை அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சான்றைத் திரும்பப் பெறுவதாக எழுத வேண்டியவர் இப்போதைய தலைமையாசிரியர். அவரிடம் போகும்போது எண்ணும் தேதியும் கையில் இருக்க வேண்டும் என்பதால், அந்த அலுவலக நகல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய பீரோ என்று எழுதியிருக்கிறீர்கள். கரையான் முந்திக்கொள்வதற்குள் எடுத்துவிடுங்கள்.